எண்ணெய், மருந்து, ஜம்ஜம்: விமானத்தில் எது எந்தப் பையில்?



உம்ராவுக்குப் புறப்படுவோரும் வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போவோரும் நம் அலுவலகத்தில் அதிகம் கேட்பது பாஸ்போர்ட்டைப் பற்றியல்ல. ஊறுகாய், எண்ணெய், மருந்து, ஜம்ஜம் பற்றித்தான். நமதூரிலிருந்து உம்ரா சென்ற ஒரு தாயாருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். திரவம் எதையும் கையில் கொண்டுபோகவே கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டார் அவரது இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். தாயார் ஜித்தாவில் இறங்கினார், பெட்டி இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. உடன் சென்ற மகன் இரவோடு இரவாக மருந்துக்கடை தேடி வாங்கிக் கொடுத்ததால், அல்ஹம்துலில்லாஹ், ஆபத்து நீங்கியது.

விதி அப்படிச் சொல்லவில்லை. குளிர்பான பாட்டில்களில் வெடிக்கும் திரவத்தை மறைத்துக் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிடிபட்டது. அதன் பிறகே பன்னாட்டுப் பயணங்களில் கைப்பைக்கு 100 மில்லி வரம்பு வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்கு மிகாமல் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி பாட்டிலில் கால்வாசிதான் எண்ணெய் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

வழிவது, ஒட்டுவது, பிசுபிசுப்பது எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம்தான். தேன், நெய், ஊறுகாய், பற்பசை, தலைவலித் தைலம், ஷாம்பு எல்லாம் இதில் அடங்கும். சிறிய அத்தர் குப்பிகளுக்குத் தடையில்லை. மகனுக்கென்று உம்மா காய்ச்சிய நெய்யைப் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். மேலே காற்றழுத்தம் குறைவதால் மூடி கசியும். டேப் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். சென்ட், ஸ்பிரே வகைகளுக்குப் பெரிய பெட்டியிலும் வரம்பு உண்டு: ஒன்று அரை லிட்டருக்கு மிகாமல், ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டர்.

தண்ணீர் பாட்டிலைச் சோதனைக்கு முன் காலி செய்துவிட்டு, உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் விலக்கு உண்டு. பயணத்திற்குத் தேவையான அளவு 100 மில்லியைத் தாண்டினாலும் கொண்டுபோகலாம். சோதனையில் தனியே எடுத்துக் காட்டுங்கள். டாக்டர் சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே இருக்கட்டும். மருந்தை அதன் சொந்த அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டி தாமதமாவது ஒருபுறம். விமானத்தின் அடித்தளக் குளிரில் உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. இன்னொன்று: கோடீன் கலந்த இருமல் சிரப் சவூதியிலும் அமீரகத்திலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மனவருத்தம் தருவது ஜம்ஜம்தான். ஹரமில் ஆசையோடு பிடித்த தண்ணீரைத் துணிகளுக்கு நடுவே ஒளித்துக் கட்டுகிறார்கள். ஸ்கேனரில் அது தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். பெட்டிக்குள் ஜம்ஜம் வைக்க சவூதி விமான நிலையங்களில் அனுமதி இல்லை. உரிய விற்பனை இடத்தில், சீல் வைத்த 5 லிட்டர் அட்டைப்பெட்டியாக வாங்கி, தனி உருப்படியாகக் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். ஒருவருக்கு ஒன்றுதான். அதை இலவசமாக ஏற்பார்களா, லக்கேஜ் எடையில் சேர்ப்பார்களா என்பது விமான நிறுவனத்தைப் பொறுத்தது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் “பார்த்துக்கலாம்” என்று சொன்னால் விடாதீர்கள்.

வழியில் விமானம் மாறுவோருக்கு ஒரு சொல். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய சென்ட்டை ரசீதோடு சீல் வைத்த பையில் தருவார்கள். வீடு வரும்வரை அதைப் பிரிக்காதீர்கள்; இடையில் மறுபடியும் சோதிக்கும் இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் சில விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர் வைத்து 2 லிட்டர் வரை விடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் போகும் வழியில் எங்கே விதி கடுமையோ அதற்குத் தக்கபடிதான் பையைக் கட்ட வேண்டும்.

லக்கேஜ் எடை பார்க்கும் தராசும், ஒரு லிட்டர் ஜிப் பைகளும் நம் அலுவலகத்தில் இருக்கின்றன. புறப்படும் முன் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு டிக்கெட்டோடும் மருந்துச் சீட்டோடும் வாருங்கள்.