உஷார்! 'காலை வணக்கம்' படத்துக்குப் பின்னால புகை!

காலையில கண்ணு முழிச்சதும் போனைத் தேடுறவங்களா நீங்க? இதைப் படிச்சிட்டுத் தொடுங்க.

பாளையங்கோட்டையில ஒரு ரிட்டயர்டு டீச்சர். பேர் வேண்டாம். போன் ஹேங் ஆகுதுன்னு கடைக்குப் போனாங்க. "மெமரி புல் ஆயிட்டுக்கா, புதுசா ஒண்ணு எடுத்திருங்களேன்"னான் கடைப் பையன். எடுத்துட்டாங்க. பழைய போனுக்குள்ள என்ன இருந்தது தெரியுமா? நெல்லையப்பர் கோபுரம், பின்னால சூரியன், மேலே 'இனிய காலை வணக்கம்'. அண்ணன் அனுப்பினது, சம்பந்தி அனுப்பினது, தெரு வாட்ஸ்அப் குரூப்ல வந்தது, எல்லாம் அதே படம். பேரன் போட்டோ எங்கேயோ அடியில கிடந்தது.

அவங்க ஒருத்தர் கதைன்னு நினைக்காதீங்க. இந்தியாவுல போன்களை அடைக்கிறதே இந்தக் குட் மார்னிங் படங்கள்தான்னு கூகுள் கண்டுபிடிச்சு, அதைத் துடைக்கவே ஒரு செயலியில வசதி வச்சது. 2018ல பெரிய செய்தி.

அடைச்சா அடைக்கட்டும்னு விடாதீங்க!

ஒரு ஸ்மார்ட்போனால வர்ற கார்பன்ல பெரும்பங்கு, அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிடுது. நல்ல போனைத் தூக்கிப் போட்டா, மறுபடியும் முதல்லேர்ந்து அத்தனை புகை.

பேக்கப் ஆன்ல இருந்தா அந்தப் படமெல்லாம் டேட்டா சென்டருக்கும் ஏறும். அங்கே ராப்பகலா கம்ப்யூட்டர், அதுக்கு ஏசி. 2024ல உலக டேட்டா சென்டர்கள் இழுத்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். 2030க்குள்ள அது இரண்டு மடங்கைத் தாண்டும்னு சர்வதேச எரிசக்தி முகமை சொல்லுது. ஏஐ வந்தாச்சே!

"கரன்டுக்குத்தான் கயத்தாறுல காத்தாடி சுத்துதே"ங்கிறீங்களா? ஆனி, ஆடியில சுத்தும். காத்து ஓய்ஞ்ச மாசத்துல, ராத்திரியில? தூத்துக்குடி அனல் மின் நிலையத்தைப் பாருங்க. நம்ம நாட்டுல ஒரு யூனிட்டுக்குச் சராசரியா 700 கிராம் கரியமில வாயு.

2023 டிசம்பர் மறந்துபோச்சா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. நெல்லை ஜங்ஷன் தண்ணியில நின்னது. அதை வாட்ஸ்அப் கொண்டுவந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் புகையால கடலும் காத்தும் சூடாக ஆக, மேகம் சுமக்குற தண்ணி கூடும். அந்தச் சூட்டுல நம்ம பங்கும் இருக்கு.

இதெல்லாம் உங்க வீட்டுல நடக்குதான்னு பாருங்க: 'இடம் இல்லை'ன்னு போன் கத்துது. கிளவுடுக்கு மாசாமாசம் காசு போகுது. உள்ளே என்ன இருக்குன்னே தெரியாது. எல்லாரும் தூங்கினப்புறமும் டிவியில யூடியூப் ஒண்ணு மாத்தி ஒண்ணு தானா ஓடுது.

அப்ப வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஆட்டோ டவுன்லோடை இப்பவே அணைங்க. 'பலமுறை பார்வர்டு செய்யப்பட்டவை'ன்னு தனியா காட்டும், மொத்தமா அழிங்க. பேட்டரி போச்சுன்னு கடைக்காரர் புதுசு எடுக்கச் சொன்னா, "பேட்டரியை மட்டும் மாத்திக் கொடுங்க தம்பி"ன்னு முதல்ல கேளுங்க.