கோடு போட ஒற்றை விளிம்பு போதும்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஷேவிங் குறைந்துவிடும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் விரதம் முடியும்வரை முகத்தில் கத்தி படவிட மாட்டார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் நேராக நாற்காலியில் வந்து உட்காருவார்கள். முன்பெல்லாம் வழவழவென்று மழித்துக்கொண்டு போவது வழக்கம். இப்போது வளர்ந்த தாடியை விட யாருக்கும் மனசில்லை. "அண்ணா, தாடி இருக்கட்டும். கோடு மட்டும் ஷார்ப்பா போட்டுடுங்கண்ணா" என்கிறார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "வீட்ல நானே போட்டுக்கணும்னா எந்த ரேசர் வாங்கலாம்?"

திருவண்ணாமலையில் அப்பா காலத்திலிருந்து சலூன் நடத்துகிற குடும்பம் எங்களுடையது. என் பதில் ஒன்றுதான். கோடு போடுகிற கைக்கு, பிளேடின் விளிம்பு கண்ணில் பட வேண்டும்.

மூன்று, ஐந்து என்று பிளேடுகளை அடுக்கிய ரேசரை எடுத்துப் பாருங்கள். கீழே ஒரு ரப்பர் பட்டை, மேலே வழுக்கலுக்கு ஒரு பட்டை, சுற்றிலும் பிளாஸ்டிக். கன்னத்தில் வைத்ததும் வெட்டுகிற இடம் முழுக்க மறைந்துபோகும். கை குத்துமதிப்பாகப் போகும். ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் இழுத்துவிடும். இரண்டையும் சமன் செய்யச் செய்ய, கடைசியில் தாடியே மிஞ்சாது. அதைத் தயாரித்தவர்களுக்கும் இது தெரியும். கில்லெட் நிறுவனம் 2006இல் முன்புறம் ஐந்து பிளேடு வைத்து ஃபியூஷன் ரேசரைக் கொண்டுவந்தபோது, கிருதாவுக்கும் மீசை ஓரத்துக்கும் என்றே அதன் முதுகில் ஒற்றை பிளேடு ஒன்றைத் தனியாக வைத்தது. அந்த ரேசரை வைத்திருப்பவர்கள் கோடு போட அந்தப் பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள். முன்பக்கம், கோட்டுக்கு வெளியே இருக்கிற பரப்பை மழிக்க மட்டும்.

கத்தியின் கதை எங்கள் ஊரோடு சேர்ந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கிய 16 வயது வேங்கடராமன், ஐயங்குளக்கரையில்தான் குடுமியை எடுத்துத் தலையை மழித்துக்கொண்டார். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் அவர்தான். கழற்றி மாட்டும் பிளேடு வைத்த கில்லெட் ரேசர் விற்பனைக்கு வந்ததே 1903இல். ஆகவே அன்றைக்கு அந்த நாவிதர் கையில் இருந்தது தோல்வாரில் தீட்டிய கத்தியாகத்தான் இருந்திருக்கும். அப்பாவும் அதில்தான் தொழில் கற்றார். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. பிறகு நடந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தால், ஒரே கத்தியை எல்லோருக்கும் போடுகிற பழக்கம் மெல்ல மறைந்தது. இன்று எங்கள் கையில் இருப்பது அதே வடிவக் கத்திதான். வாயில் மட்டும் உடைத்த பாதி பிளேடு.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தாடியைக் காய்ந்த நிலையிலேயே டிரிம்மரால் ஒரே அளவுக்குக் குறைத்துவிடுகிறேன். கன்னத்தில் கிருதாவின் அடியிலிருந்து வாயோரத்தை நோக்கி முடி தானாகவே ஒரு வளைவில் இறங்கும். அந்த வளைவை ஒட்டியே போக வேண்டும். அதற்கு மேலே சிதறி நிற்பதை மட்டும் எடுத்தால் முகம் எடுப்பாக இருக்கும். சீப்பு மாட்டாத டிரிம்மரின் பல்லை அந்த வரியில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தால் எல்லை பதிந்துவிடும். அப்புறம் வெந்நீர்த் துண்டு. இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் எவ்வளவு முரட்டு முடியும் இளகும். கோடு போகிற இடத்தில் கெட்டி நுரை போடவே கூடாது, வரி மறைந்துவிடும். நிறமில்லாத ஜெல்லோ இரண்டு சொட்டு எண்ணெயோ போதும். இடது கட்டை விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, பிளேடை முப்பது டிகிரி சாய்த்து, கோட்டின் மேல் வைத்து வெளிப்பக்கமாகச் சின்னச் சின்ன இழுப்பு. நீளமாக இழுத்தால் கோடு கோணும்.

கழுத்தில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். தாடை எலும்பை ஒட்டியே கோடு போட்டால், குனியும்போது கீழே மொட்டைச் சதை பிதுங்கித் தெரியும். குரல்வளைக்கு மேல் இரண்டு விரல் வைத்து, அங்கிருந்து இரு காதுகளின் பின்பக்கத்தை நோக்கி வளைத்துக்கொண்டு போங்கள். கழுத்து முடி ஒரே வாக்கில் வளராது, சிலருக்குச் சுழியே இருக்கும். விரலால் தடவிப் பார்த்து, முடியின் வாக்கிலேயே மழியுங்கள். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுத்துக் கொடுக்க, அடுத்தது வெட்டும். வெட்டிய முனை தோலுக்குள் அடங்கிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே மடங்கி வளர்ந்து கொப்புளமாகும். அவர்களுக்கு ஒற்றை பிளேடுதான் நல்லது.

ஒற்றை பிளேடுக்குப் பெரிய செலவும் இல்லை. இரண்டு முனை பிளேடு மாட்டுகிற பழைய இரும்பு ரேசரே போதும். அலசுவதற்கும் அதுதான் சுலபம். கில்லெட் 2002இல் இந்தியாவில் விட்ட வெக்டர் ரேசரை முன்னதாக அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நம் ஊரில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஷேவ் செய்கிறவர்களுக்கு பிளேடுகளுக்கு இடையே முடி அடைத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு, சுலபமாக அலசக்கூடிய ஒற்றை பிளேடு வைத்து 2010இல் 15 ரூபாய்க்கு கார்டு ரேசரைக் கொண்டுவந்தார்கள்.

முனை மழுங்கிய பிளேடால் எவ்வளவு தேர்ந்த கையாலும் கோடு போட முடியாது. பிளேடு எப்படி மழுங்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியில் காட்டினார்கள். பிளேடு எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து, சாய்வாக முனையில் படும்போது விளிம்பு பொடிப்பொடியாகச் சிதறுகிறது. இரண்டு மூன்று ஷேவுக்கு மேல் ஒரு பிளேடை இழுக்காதீர்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் உறையை உங்கள் கண்முன்னே பிரித்து புது பிளேடு போடச் சொல்லுங்கள். ஒரே படிகாரக் கல்லை எல்லோர் முகத்திலும் தேய்ப்பவரிடம், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். கல்லைக் கரைத்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வைத்தாலே ரத்தம் நிற்கும். நோய் தொற்றக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ரத்தம் போதும், ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியேயும் ஏழு நாள் உயிரோடு இருக்கும்.