குழாய் வளைவில் ஒரு பெயர் (தொடர் – 6)

ஒரு வணிகத்தின் இலச்சினை, எழுத்து வடிவம், நிறம் ஆகியவையும், அவை பொருளின் மீதும் கடைப் பலகையின் மீதும் ஒன்றுபோல அமையும் முறையும் சேர்ந்ததே காட்சி அடையாளம் எனப்படுகிறது. இதுவரை இத்தொடரில் தாளிலும் திரையிலும் அமையும் அடையாளங்கள் பேசப்பட்டன; இந்த வாரம் பேசப்படுவது சைக்கிளின் குழாய் என்னும், தட்டையாகவே இல்லாத ஒரு பரப்பு. அதற்குச் சென்னையின் மேற்குப் புறநகரை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. முருகப்பா குடும்பத்தினர் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா அம்பத்தூரில் எம்.டி.எச். சாலையை ஒட்டி எழுந்தது. உருக்குக் குழாய் செய்வதற்கென்றே டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955இல் ஆவடியில் எழுந்தது.

அம்பத்தூர் ஆலை தன் பெயர்களைத் தானே உருவாக்கவில்லை. அவை சீதனமாக வந்தவை. கிரேன் சகோதரர்கள் 1910இல் பர்மிங்காமில் தொடங்கிய ஹெர்குலிஸ் 1946இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்கு வந்திருந்தது. பி.எஸ்.ஏ.யின் வரலாறு இன்னும் சுற்றுவழியானது: 1861இல் துப்பாக்கி செய்வோர் கூடி அமைத்த பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம், ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளைத் தன் முத்திரையாகக் கொண்டு, பின்னர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்து, 1957இல் சைக்கிள் பிரிவை ராலே நிறுவனத்துக்கு விற்றது, 1960இல் ராலேயும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கீழ் வந்ததால் பி.எஸ்.ஏ. என்ற பெயரும் அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்து அம்பத்தூரையும் அடைந்தது. துப்பாக்கிக் கதையைக் கேள்விப்படாத தலைமுறைகள் அந்த மூன்று எழுத்துகளைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மிதித்துச் சென்றன. இலச்சினைக்குள் ஆழ்ந்த பொருளை வைத்தே தீர வேண்டும் என்று மலையும் தாமரையும் சக்கரமும் ஒரே வட்டத்தில் திணிக்கும் சிறுவணிகர்கள், பொருள் மறந்த பிறகும் ஒரு முத்திரை எதனால் நிலைக்கிறது என்பதை இந்த மூன்று எழுத்துகளிடம் பார்க்கலாம்.

எந்த இலச்சினையும் தான் அமரும் பரப்பின் அளவுக்குக் கட்டுப்பட்டது. ஹேண்டில்பாரின் தண்டு உள்ளே இறங்கும் முன்குழாயில் பொருத்தப்படும் சிறு உலோகத் தகடே சைக்கிளின் முதன்மை முத்திரை. பழைய உருக்கு ஃபிரேம்களில் அந்தக் குழாயின் விட்டம் ஏறத்தாழ 32 மி.மீ. மட்டுமே. தாளில் 30 மி.மீ. அகலத்துக்கு வரைந்த ஒரு சின்னத்தை அதன்மீது சுற்றினால், அது குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் படிந்து, நேர் எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு 26 மி.மீ. அளவுக்கே தெரியும், ஓரத்து எழுத்துகள் வளைவில் நெருங்கிக் குறுகிவிடும். சைக்கிள் முத்திரைகள் பலவும் கேடயம் போலவும் நீள்வட்டமாகவும் நெடுக்கு வாக்கில் அமைந்ததற்கும், முக்கியமான உருவம் நடுக்கோட்டிலேயே வைக்கப்பட்டதற்கும் ஓவியரின் ரசனையைவிடக் குழாயின் வளைவே பெரிய காரணம்.

செய்முறையும் வடிவத்தை நெருக்கியது. பித்தளை அல்லது அலுமினியத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி உருவத்தைப் புடைக்கச் செய்து, பள்ளங்களில் நிறம் நிரப்பி, தகட்டைக் குழாயின் வளைவுக்கு வளைத்து, இரண்டு துளைகளில் சிறு ரிவெட் அடிப்பது வழக்கமான முறை. மயிரிழைக் கோடுகள் அச்சின் அழுத்தத்தில் காணாமல் போகும். அடுத்தடுத்த இரண்டு நிறங்களுக்கு நடுவே உலோக வரம்பு இல்லாவிட்டால் ஒன்று மற்றதில் வழியும். துளைகளுக்கு மேலும் கீழும் இடம் ஒதுக்காவிட்டால் சின்னத்தின் தலையிலேயே ரிவெட் விழும். இத்தனை தடைகளையும் தாண்டி வந்த உருவம் இயல்பாகவே எளியதாகவும் தடித்ததாகவும் இருந்ததால், தொலைவிலிருந்தும் தேய்ந்த பின்னும் அடையாளம் தெரிந்தது.

பெயர் அமர்ந்த மற்ற இடங்களும் குறைவல்ல. செயின் கவரில் பெயின்ட், பேச்சில் ‘பார்’ எனப்படும் மேல்குழாயிலும் சாய்குழாயிலும் டிகால், மட்கார்டின் ஓரத்தில் மெல்லிய பொன்னிறக் கோடு என ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. டிகால் என்பது தாளில் அச்சிட்ட உருவத்தை நீரில் நனைத்து நழுவச் செய்து ஒட்டி, அதன் மேல் வார்னிஷ் பூசும் முறை. எல்லாவற்றிலும் நேர்த்தியான இடம் பெடலோடு சுழலும் பல்சக்கரம்: பி.எஸ்.ஏ. தன் மூன்று எழுத்துகளையே அதில் வெட்டியது, ராலே தன் முத்திரையான நாரையின் தலையை வெட்டியது. எடையைக் குறைக்க எப்படியும் இரும்பில் துளை போட்டாக வேண்டும் என்னும்போது அந்தத் துளையையே பெயராக்கிக்கொண்ட இந்த யோசனைக்கு மையும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம்.

பிற்காலத்தில் சைக்கிள் பலருக்கு அன்றாட வாகனமாக இருந்த நிலை மாறி, விருப்பத்தால் தேர்ந்துகொள்ளும் பொருளாகவும் ஆனபோது, அடையாளத்தின் வேலையும் மாறியது. எல்லாருக்கும் பொதுவான வண்டிக்கு உறுதியைச் சொல்லும் பெயர் போதும். குறிப்பிட்ட ஒரு சிறு வட்டத்தின் ரசனையை நம்பி நடக்கும் வணிகத்தை, அதாவது இன்று லைஃப்ஸ்டைல் வணிகம் என்று சொல்லப்படுவதை, அந்த வட்டத்தினர் பார்த்ததும் தமக்கானது என்று உணர வேண்டும். பெண்களுக்கென வந்த பி.எஸ்.ஏ. லேடிபேர்டு, தாய்ப்பெயரை முன்னால் வைத்து அதன் பின்னே புதிய பெயரைச் சேர்த்தது. இது பழைய நம்பிக்கையை இழக்காமல் புதியவரை அழைக்கும் வழி. 2011இல் அறிமுகமான மான்ட்ரா இதற்கு நேர்மாறாக, ஹெர்குலிஸின் சாயலோ பி.எஸ்.ஏ.யின் சாயலோ இல்லாத தனிப்பெயரோடு வந்தது. பால்கேன் கட்டிய கேரியரோடு மனத்தில் பதிந்துவிட்ட ஒரு பெயரைக் கார்பன் இழை ஃபிரேமின் மீது எழுதி உயர்ந்த விலை கேட்பது கடினம் என்பதால், அது சரியான முடிவாகவே தோன்றுகிறது.

குழாயின் பருமனும் இதற்கிடையே மாறியிருந்தது. பழைய உருக்கு ஃபிரேமின் சாய்குழாய் 28.6 மி.மீ. விட்டம் கொண்டது, அதில் 20 மி.மீ. உயர எழுத்தைப் படிய வைத்தால் பக்கவாட்டில் நிற்பவருக்கு 18 மி.மீ. தெரியும், அதற்கு மேல் எழுதினால் மேலும் கீழும் வளைந்து மறையும். அலுமினியமும் கார்பனும் வந்து குழாய்கள் பருத்தபோதுதான், நெடுந்தொலைவிலிருந்து படிக்கத்தக்க பெரிய எழுத்துகள் சாய்குழாயை நிரப்பத் தொடங்கின. புதுப்பாணி என்று பாராட்டப்பட்ட அந்த மாற்றத்தில் உலோகவியலுக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்று அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ, விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் குழுக்களை நம்பி ஒரு சிறு கடை தொடங்குபவருக்குக் குழாய் சொந்தமில்லை. அது வண்டி செய்தவருடையது. அவருக்குக் கிடைப்பவை கடைப் பலகை, ஜெர்சியின் முதுகு, தண்ணீர் பாட்டில், வாட்ஸ்அப்பில் தெரியும் விரல்நகம் அளவு வட்டம் ஆகியவைதாம். பெரும்பாலும் கணினித் திரையை நிறைத்த படத்தைப் பார்த்தே ஒப்புதல் தரப்படுகிறது. அது தலைகீழ் வரிசை. வட்டத்திலும் பாட்டிலின் வளைவிலும் ஒரே நிறத்தில் வைத்துப் பார்த்துத் தேறிய பின்பே பலகைக்குப் போவது முறை.

பலகைக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்பது அரசு வகுத்த விகிதம். ஆங்கிலத்தில் மட்டும் இலச்சினை வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் ஃபிளெக்ஸ் அச்சிடுபவரிடம் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவில் தமிழைச் சேர்ப்பதால்தான் பல பலகைகளில் பெரிய தமிழும் சிறிய ஆங்கிலமும் இருவேறு கடைகளுடையவைபோல நிற்கின்றன. தமிழ் எழுத்தின் அமைப்பே வேறு. ‘ஹெர்குலிஸ்’ என்று எழுதினால் மேலே இரண்டு புள்ளிகளும் ‘லி’யின் மேல்வளைவும் எழும், ‘கு’வின் வால் கீழே இறங்கும், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் முழுவதும் நிரப்பும் 20 மி.மீ. உயரத்தில் தமிழ் எழுத்தின் உடலுக்கு ஏறக்குறையப் பாதியே மிஞ்சும். ஆகவே இரண்டையும் ஒரே தடிப்போடும் ஒரே முனை வெட்டோடும் ஒருசேர வரைவது கூடுதல் அலங்காரம் அல்ல, அடிப்படை வேலை.

வரைந்த பின் பதிவு. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: வாகனம் 12, ஆடை 25, சில்லறை விற்பனைச் சேவை 35. சென்னைப் பதிவகம் கிண்டியில் இயங்குகிறது. இணையவழி விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். சின்னத்தில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் தர வேண்டும். பிறர் செய்த சைக்கிளை விற்கும் கடைக்கு முதலில் வேண்டியது 35. தன் பெயரில் ஜெர்சி விற்கும் நாளில் 25ஐச் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தமாக ஃபிரேம் செய்யாதவர் 12க்குப் பணம் கட்டுவது வீண்.