முன் சீட் ஏர்பேக்கை எப்போது அணைக்க வேண்டும்?

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் இளம் தந்தை, மூன்று மாதக் குழந்தையை முன் சீட்டில் பின்புறம் பார்த்த குழந்தை இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, டாஷ்போர்டின் பக்கவாட்டு முனையைப் பார்த்தேன். சாவி நுழையும் சிறு துளை. குறி 'ஆன்' பக்கம் இருந்தது. "இது எதுக்குங்க?" என்று கேட்டார். கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஷோரூமில் மாலை போட்டார்கள், இனிப்பு கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். இந்தச் சுவிட்சை மட்டும் யாரும் காட்டவில்லை.

மோதிய நொடியில் ஏர்பேக் சுமார் 30 மில்லி நொடிக்குள், மணிக்கு 300 கி.மீ. அளவு வேகத்தில் வெடித்து விரிகிறது. பின்புறம் பார்த்த இருக்கையின் முதுகு டாஷ்போர்டை ஒட்டியே இருக்கும். அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும். 2022 ஜனவரி முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் முன் சீட் ஏர்பேக் கட்டாயம். ஆனால் அணைக்கும் சுவிட்ச் எல்லாக் கார்களிலும் இல்லை.

அணைக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றுதான்: பின்புறம் பார்த்த குழந்தை இருக்கையை வேறு வழியே இல்லாமல் முன் சீட்டில் பொருத்தும்போது. பின் சீட் இருந்தால் அங்கேதான் பொருத்த வேண்டும். தாத்தாவுக்குப் பயம், கர்ப்பிணிக்கு ஆபத்து என்று அணைக்காதீர்கள். அவர்கள் பெல்ட் போட்டு, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

அணைக்கும் முறை: சுவிட்ச் டாஷ்போர்டின் முனையிலோ கிளவ் பாக்ஸுக்குள்ளோ இருக்கும், சில கார்களில் திரை மெனுவில். இடத்தை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். சாவிச் சுவிட்ச் என்றால் இக்னிஷனை அணைத்துவிட்டுத் திருப்புங்கள். பிறகு இக்னிஷனைப் போட்டு, 'பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். எரியாவிட்டால் குழந்தையை அங்கே உட்கார வைக்காதீர்கள். குழந்தையை இறக்கியதும் மறக்காமல் 'ஆன்' செய்யுங்கள். அடுத்து அங்கே உட்காரப்போகிறவர் உங்கள் மனைவியாகவோ அப்பாவாகவோ இருக்கலாம்.

சுவிட்ச் இல்லாத காரில் ஃபியூஸைப் பிடுங்குவதும், தெருமுனை மெக்கானிக்கிடம் ஒயரை வெட்டச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். மற்ற ஏர்பேக்குகளும் செயலிழக்கக்கூடும்.

இன்னொன்று: மடியில் குழந்தையோடு முன் சீட்டில் உட்காராதீர்கள். மலப்புரத்தில் 2024-லும் திருப்போரூர் அருகே 2025-லும் ஏர்பேக் விரிந்து இறந்த குழந்தைகள் முன் சீட்டில் பெற்றோர் மடியில்தான் இருந்தார்கள். ஏர்பேக்கை அணைத்தாலும் மடி பாதுகாப்பில்லை. மோதலின் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட்டுக்கு ஓடி வந்து மடக்கும் போலீஸ், மடியில் குழந்தையோடு போகும் காரை நிறுத்தியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பழைய கார் வாங்குவோர் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கோளாறு தெரிந்தால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். குறையை ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஜாப் கார்டு நகல்தான்.

அன்று அந்தக் குழந்தை இருக்கையை இருவருமாகப் பின் சீட்டுக்கு மாற்றினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முன் சீட் ஏர்பேக் 'ஆன்' ஆகவே இருந்தது.