ஓடையும் வெயிலும் ஒரு விளையும்

மின்கம்பி எட்டாத ஒரு வீட்டில், இந்தக் காலத்தில், குடும்பம் நடத்த முடியுமா? பட்டிமன்றத்திற்கு ஏற்ற தலைப்பு என்று நண்பர்கள் எண்ணலாம். எங்கள் குடும்பத்திற்கோ அது உண்மை வழக்காகவே வந்து நின்றது. தாத்தா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் மலைச்சரிவை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதே அவ்வழக்கு. தாய்மாமா ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மற்ற அனைவரும் விற்றுவிடலாம் என்றனர். "கரண்டு இல்லாத வீட்டில் யார் போய் இருப்பது?" என்பது அத்தையின் ஒரே வாதம். மாமாவிடம் அதற்கு விடை இல்லை. "நீ படிச்சவன்தானே, ஒரு வழி சொல்லு மக்கா" என்று என் பக்கம் திரும்பினார். ஏட்டுக் கல்விக்கு அன்றுதான் உண்மைத் தேர்வு வந்தது.

அந்த நிலம் பாறசாலைக்கு வடகிழக்கே, வெள்ளறடைப் பக்கத்தில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தைக்கு எல்லையில் உள்ள பனச்சமூடு. தோட்ட நிலத்தை நாங்கள் 'விளை' என்போம். கேரளம் முழுவதும் மின்சாரம் பெற்றுவிட்டதாக 2017ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ஆனால் எங்கள் விளைவீடு தாத்தாவுக்குப் பின் பூட்டிக் கிடந்தது. கம்பி இழுக்க வேண்டுமானால் அடுத்தவர் நிலத்தில் கம்பம் நடவேண்டும். அவர் இசையவில்லை.

தேவை எவ்வளவு?

மின்சாரம் ஆக்குவது பற்றிப் பேசுவோர் பலரும் இயந்திரத்தின் விலையிலிருந்து தொடங்குகின்றனர். தொடங்க வேண்டிய இடம் வீட்டின் தேவை. அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதினேன். ஒன்பது வாட் விளக்குகள் ஐந்து, நாளுக்கு ஐந்து மணி நேரம்; முப்பது வாட் மின்விசிறிகள் இரண்டு, பத்து மணி நேரம்; வானொலி, கைப்பேசி; மிக்சி பத்து நிமிடம். எல்லாம் கூட்டினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. குளிர்ப்பெட்டிக்கு மேலும் ஒரு யூனிட். ஆயிரம் லிட்டர் நீரை இருபது மீட்டர் உயரம் ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து, யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு போதும். ஆக நாளொன்றுக்கு இரண்டரை யூனிட் இருந்தால் ஒரு குடும்பம் குறையின்றி வாழலாம். சூடு உண்டாக்கும் கருவிகளே மின்சாரத்தை விழுங்குகின்றன. இஸ்திரிப் பெட்டியும் மின்னடுப்பும் இந்த வீட்டிற்கு ஆகா என்பதை அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஓடை தரும் மின்சாரம்

விளையின் ஓரமாக ஓர் ஓடை இறங்குகிறது. ஐப்பசி மழையில் அதன் இரைச்சல் வீடு வரை கேட்கும். பதினைந்து லிட்டர் வாளியை நீர்த்தாரையில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று வினாடியில் நிரம்பிற்று. அதாவது வினாடிக்கு ஐந்து லிட்டர். நீர் விழக்கூடிய உயரம் பன்னிரண்டு மீட்டர். நீரின் அளவை லிட்டரிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதை ஏறத்தாழப் பத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். இங்கே அது 590 வாட். குழாயிலும் சக்கரத்திலும் பாதி வீணாகும். மிஞ்சுவது 290 வாட். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஓடை இரவும் உறங்குவதில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் அது ஏழு யூனிட் ஆகிறது!

தாளை மாமாவிடம் பெருமிதத்தோடு நீட்டினேன். "கணக்கு உள்ளதுதான் மக்கா. ஆனா ஓடை உன் புஸ்தகத்தை வாசிச்சிட்டா ஓடுது? மாசி மாசம் வந்து பாரு" என்றார். மாசியில் சென்றேன். அதே வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆயிற்று. என் 290 வாட் பதினைந்து வாட்டாகச் சுருங்கியிருந்தது. அந்த மெலிந்த நீரால் சக்கரத்தைச் சுழற்றவே இயலாது.

தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் இரண்டு யோசனைகள் சொன்னேன். முதலாவது, பகலில் வெயிலால் பம்பை ஓட்டி மேல்தொட்டியை நிரப்பி, இரவில் அந்நீரைச் சக்கரத்தின்மேல் விழச்செய்வது. அன்றிரவே கணக்குப் போட்டேன். பதினாயிரம் லிட்டர் நீர் இருபது மீட்டர் விழுந்தாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான்; இழப்புப் போகக் கால் யூனிட். இரண்டு நல்ல பாட்டரி அதைவிடப் பல மடங்கு தாங்கும். மேல்தொட்டி வாழைக்கு நீர் பாய்ச்சச் சிறந்தது. மின்சாரத்தைச் சேமிக்க ஏற்றதன்று.

இரண்டாவது யோசனை, சரிவின் உச்சியில் ஒரு குளம் வெட்டி மழைநீரைத் தேக்கி, கோடையில் சிறிது சிறிதாக விடுவது. இதைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது. என்னை அழைத்துச்சென்று தொலைவில் தெரிந்த மலைகளைக் காட்டினார். 2001ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் அங்கே அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையில் மண் அளவுக்கு மேல் நீரைக் குடித்துக் கனத்து, அடியில் உள்ள பாறையின்மேல் நழுவிவிடும். கேரள மலைச்சரிவுகளில் இத்தகைய அழிவு மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கிறது. இயற்கையான நீர்வழிகளை வரப்பும் குழியும் இட்டு அடைப்பது இந்தக் கேட்டை விரைவுபடுத்தும். "மலை வெள்ளத்தைக் குடிக்கட்டு. நாம அதுக்க தலையில குளம் கெட்டி வைக்கக்கூடாது" என்றார் மாமா. கீழே வீடுகள் இருக்கின்றன. என் தாளில் அந்த வீடுகளுக்கு ஓர் இடமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெயிலும் மழையும்

விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஓடை வற்றும் தை முதல் சித்திரை வரையில்தான் வெயில் தடையின்றிக் காய்கிறது. அப்போது ஒரு கிலோவாட் சோலார் பேனல் நாளுக்கு நான்கு யூனிட் தரும். மழை மூடிய ஆனி, ஆடி நாள்களில் அதே பேனல் ஒரு யூனிட்டுக்குத் திணறும். வெயிலை மறைக்கும் அதே மேகந்தான் ஓடையை நிரப்புகிறது. ஒன்று ஓயும்போது மற்றொன்று எழுகிறது. இரண்டையும் சிறிய அளவில் சேர்த்து வைத்தால் போதும்.

அவ்வாறே செய்தோம். ஓடையின் ஒரு பங்கு நீரை மட்டும் நான்கங்குலக் குழாயில் எடுத்துச் சக்கரத்தின் கிண்ணங்களில் பாய்ச்சி, மீண்டும் ஓடையிலேயே விட்டோம். சக்கரத்தைப் பட்டறையில் செய்வித்தோம். பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் காந்த மோட்டார் மின்சாரம் ஆக்குகிறது. கிடைப்பது கணக்குச் சொன்ன 290 வாட் அன்று, 200 வாட்தான். எனினும் நாளுக்கு நாலேமுக்கால் யூனிட். பாட்டரி நிறைந்தபின் மிஞ்சும் மின்சாரம் வெந்நீர்த் தொட்டிக்குச் செல்கிறது. சுமையில்லாமல் விட்டால் சக்கரம் கட்டுமீறிச் சுழன்று கெட்டுவிடும். மார்கழியிலும் வைகாசியிலும் இரண்டு ஆற்றலும் அரைகுறையாக நிற்கும். அந்நாள்களில் குளிர்ப்பெட்டியை நிறுத்திவிடுகிறோம்.

குடிநீருக்குக் கூரையே துணை. திருவனந்தபுரத்தில் ஓர் ஆண்டின் மழை ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். ஐம்பது சதுர மீட்டர் கூரையில் விழுவது 90,000 லிட்டர். வழிந்தும் சிதறியும் போனது போக எழுபதாயிரம் லிட்டர் பிடிக்கலாம். நால்வருக்கு, ஆளுக்கு அறுபது லிட்டர் வீதம், நான்கு மாதக் கோடைக்கு வேண்டியது முப்பதாயிரத்திற்கும் குறைவு. அந்த அளவுக்கு ஒரு தொட்டியை, மண்ணின்மேல் அன்று, வீட்டுக்குப் பின்னுள்ள பாறையின்மேல் கட்டினோம்.

விளையின் அடுக்குகள்

தோட்டக்கலையில் எங்கள் முன்னோருக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. கற்கவே நிறைய இருந்தது. மேலடுக்கில் தென்னை, பலா, அயனி. அவற்றின் உடலில் படரும் நல்லமிளகு. நடுவில் ஏத்தன் வாழையும் மரச்சீனியும். நிழலில் சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள். ஒரே நிலத்தில் வெயிலை மூன்று நான்கு மாடிகளில் பிடிக்கும் ஏற்பாடு இது. சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கிய கையாலைகள் மண்ணைத் தாங்கும். கல்லிடுக்குகள் நீரை விட்டுவிடும். மரச்சீனியைப் பிடுங்கும்போது மண் இளகும் ஆதலால், வரிசைகளுக்கு இடையே அன்னாசியும் வெட்டிவேரும் நட்டிருக்கிறோம்.

மரச்சீனி நம் மண்ணில் பிறந்ததன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது அதுவே. எனினும் அதில் புரதம் மிகக் குறைவு. கசப்பு வகையில் நஞ்சும் உண்டு; நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட வேண்டும். அதனால் மரச்சீனிக்கு மீன் துணை என்பது சுவைக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று.

அடுப்புக்குச் சாண எரிவாயு. இரண்டு மாடுகள் நாளுக்கு இருபது கிலோ சாணம் தரும். கிலோவுக்கு நாற்பது லிட்டர் வீதம் எண்ணூறு லிட்டர் வாயு. நால்வர் சமையலுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும். குறையைத் தென்னமட்டையும் சிரட்டையும் தீர்க்கின்றன. வாயு எடுத்தபின் எஞ்சும் சாணக் கரைசல் வாழைக்கு உரம்.

தன்னிறைவும் தனிமையும்

இவ்வளவும் செய்தபின் நாங்கள் யாரையும் நம்பாதவர்கள் ஆகிவிட்டோமா? இல்லை. அரிசியும் உப்பும் மீனும் பனச்சமூட்டுச் சந்தையிலிருந்தே வருகின்றன. பேனலும் பாட்டரியும் எங்கோ ஓர் ஆலையில் பிறந்தவை. பாட்டரிக்குச் சில ஆண்டுகளே ஆயுள். தன்னிறைவு என்பது தனித்து நிற்பதன்று. எதற்குப் பிறரை நம்புகிறோம், அது நின்றால் எத்தனை நாள் தாங்குவோம் என்பதை அறிந்து வாழ்வதே தன்னிறைவு. எல்லைப்புறத்தார்க்கு இந்தப் பாடம் புதிதன்று. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயை நம்பி விளவங்கோட்டு உழவர் பயிரிட்டனர். 2004இல் அந்நீர் நின்றது. 2012இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் செல்லும்படி ஆயிற்று.

இந்தக் கருத்துக்கு எங்கள் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்தினார். தேனீயும் கோழியும் வளர்க்கவும், விளைந்ததைக் கூடி விற்கவும் ஏழைக் குடும்பங்களுக்குக் கற்பித்தார். மக்கள் தம் கையாலேயே செய்ய வேண்டும், அறிந்தவர் அருகிருந்து வழிகாட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர்பெற்று விளங்குகிறது.

விளை விற்கப்படவில்லை. அத்தை இன்னும் முழுமனத்தோடு இசைந்துவிடவில்லை. இஸ்திரிப் பெட்டியை நினைத்து அவ்வப்போது பெருமூச்சு விடுகிறார். ஆயின் சென்ற ஐப்பசியில் காற்றிலும் மழையிலும் ஊரெங்கும் மின்சாரம் நின்ற இரவில், எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது. தேர்வுக்குப் படிக்கவேண்டிய இரண்டு பிள்ளைகள் புத்தகத்தோடு மேலே ஏறிவந்தனர். கம்பம் நட இசையாதவரின் பிள்ளைகள் அவர்கள். அத்தைதான் பாய் விரித்துக் கட்டன்காப்பியும் போட்டுக் கொடுத்தார்.

நண்பர்களே, விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது ஒரு வாளியும் கடிகாரமும் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டின் ஒரு நாள் தேவையை எழுதுங்கள். ஓடையோ கிணறோ கூரையோ, உள்ளதை அளந்து பாருங்கள். ஒருமுறை மழையில் அளந்தால் போதாது. மாசியிலும் அளக்க வேண்டும். அளந்தபின், அந்த நிலத்தில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள். நாம் எழுத மறந்தது எது என்பதை அவர் சொல்லிவிடுவார்.