உங்களுக்குத் தெரியுமா? தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வா!

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழையும் முன், வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டும். சாமி கும்பிட அல்ல. உடலில் சேர்ந்த நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்க! கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும்.

● உடை: நைலான், பாலியஸ்டர் உரசினால் நிலைமின் சேரும். அதனால் பருத்தி உடைதான்.

● கருவி: இரும்பு உரசினால் பொறி பறக்கும். மரக் கருவியோ பித்தளைக் கருவியோ பாதுகாப்பு.

● ஈரம்: அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறி வெடிக்கலாம். 'மருந்து நீர்த்துப்போச்சு' என்பது இதைத்தான். அதனால் கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

● ஆட்கள்: ஓர் அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது. அறைகளுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்பும்.

பாதுகாப்பின் பாலபாடம் இதுதான்: முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் அதை ஆளிடமிருந்து விலக்கு. கையுறையும் முகக்கவசமும் கடைசி அரண் மட்டுமே.