ஒரே திரையில் நாலு வயல்

வயலுக்கு வயல் ஈஎஸ்பி32 என்கிற சிறு மின்னணுப் பலகை நட்டு, மண் ஈரத்தை வீட்டுத் திரையிலேயே பார்க்கலாம். ஆனால் ஒன்று கவனிங்க. பலகைக்கு மின்சாரம் நின்றுபோனாலும், கடைசியாக வந்த அளவு திரையில் அப்படியே நிற்கும். ஈரம் இருக்குதென்று நம்பி இருந்தால் பயிர் வாடிவிடும்.

ஆகவே, ஒவ்வொரு பலகைக்கும் தனிப் பெயர் வையுங்க. அளவுக்குப் பக்கத்தில் அளந்த நேரமும் தெரியட்டும். இந்தப் பலகைகள் சேதி அனுப்பும் எம்க்யூடிடி முறை, 1999இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உண்டானது. அதில் 'கடைசிச் சேதி' வசதி உண்டு. பலகையின் தொடர்பு அறுந்தால், நடுவிலுள்ள கணினி அதைத் திரைக்குத் தானே அறிவிக்கும்.

மோட்டாரை நிறுத்தும் நேரக் கணக்கு மட்டும் மோட்டார்ப் பலகையிலேயே இருக்கட்டும். தொடர்பு போனாலும் மோட்டார் நிற்கணும், இல்லீங்களா?